தேக்காவில் பொன்னி, சாகோ தெருவில் ஜவ்வரிசி: சிங்கப்பூரில் ஏழு நாள்

நாள் 1

கிளம்பும்போது அம்மா ஒரு சிப்பம் பொன்னி கட்டித் தருகிறேன் என்று பிடிவாதமாக நின்றார். தம்பி போனிலேயே சிரித்துவிட்டான், "இங்க கிடைக்காத அரிசியாம்மா?" என்று. கடைசியில் நாலு பாக்கெட் ஜவ்வரிசி வடகமும் ஒரு பாட்டில் நார்த்தங்காய் ஊறுகாயும்தான் பெட்டியில் ஏறின.

என்னைத் தெரியாதவர்களுக்கு: சேலம் மாவட்டம் ஆத்தூரில் எங்களுக்கு விதைக்கடை. கடை வீட்டுக்காரர் பெயரில், கல்லாவில் இருபது வருஷமாக நான். அப்பாவுக்குத் தலைவாசல் பக்கம் மூன்று ஏக்கர் மரவள்ளி. அதனால் எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மார்க்கெட்டைத்தான் பார்ப்பேன். தம்பி ஒரு பட்டியல் போட்டு வைத்திருந்தான், ராட்சத ராட்டினம், மீன் காட்சி, இரவில் விளக்கு போட்ட மரம். அதையெல்லாம் ஒரே சாயங்காலத்தில் முடித்துக்கொள்ளலாம், மீதி நாள் என்னைச் சந்தையில் விட்டுவிடு என்றேன். தம்பி மனைவி முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். "சந்தைக்குப் போகவா அண்ணி இவ்ளோ தூரம் வந்தீங்க?"

தம்பிக்கு ஈசூனில் ஒன்பதாவது மாடியில் வீவக வீடு, அதாவது அரசு கட்டிய அடுக்குமாடி. ஜன்னலில் எட்டிப் பார்த்தால் கண்ணுக்கு எட்டிய வரை ஒரு வயல் கிடையாது. சாப்பிடுவதில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் வெளிநாட்டிலிருந்து வருகிற ஊர். அப்படிப்பட்ட ஊரின் சந்தையில் என்னதான் இருக்கும் என்று பார்க்கத்தான் ஆசை.

இரவு சோறு, ரசம், என் வடகம். சோறு பொன்னியேதான். அம்மாவிடம் சொல்லவில்லை.

நாள் 2

காலையில் தேக்கா. பழைய ஆட்கள் கேகே மார்க்கெட் என்றும் சொல்கிறார்கள். கீழே ஈரச்சந்தை, பக்கத்தில் உணவங்காடி, வெளியே வந்தால் பஃபலோ ரோட்டில் காய்கறிக் கடைகளும் பூக்கடைகளும். கறிவேப்பிலை வாசனையும் மீன் வாசனையும் ஒன்றாக வந்து முட்டுகிற இடம்.

ஒரு மளிகைக் கடையில் அரிசி அடுக்கைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டேன். பொன்னி, இட்லி அரிசி, சோனா மசூரி, சீரகச் சம்பா, பாசுமதி, கேரள மட்டை, இலங்கைச் சிவப்பரிசி, தாய்லாந்து மல்லிகை அரிசி, உருண்டையான ஜப்பான் அரிசி, பச்சரிசி மாதிரி இருந்தாலும் வெந்தால் பசையாகிற புளுட் அரிசி, அதிலேயே கறுப்பு. கறுப்பை உள்ளங்கையில் கொட்டிப் பார்த்தேன். நம் கவுனியின் சொந்தக்காரன், சந்தேகமே இல்லை. கவுனியைச் செட்டிநாட்டார் பர்மாவிலிருந்து கொண்டு வந்ததாகச் சொல்வார்கள். இங்கே அதையே தேங்காய்ப்பால் ஊற்றிக் கஞ்சியாக, புளுட் ஹித்தாம் என்று மலாய்க் கடையில் விற்கிறார்கள். செட்டிநாட்டுக் கல்யாண வீட்டில் அது இனிப்பு, இங்கேயும் இனிப்பு. நடுவில் ஒரு கடல்தான்.

ஆனால் நான் சொல்ல வந்தது பொன்னியைப் பற்றி. வெள்ளைப் பொன்னி 1986-ல் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்ட ரகம். அதன் பெற்றோர் டைச்சுங் 65, மாயாங் எபோஸ் 80 என்று விவசாயிகளுக்கு நான் எத்தனையோ தடவை வாயால் ஒப்பித்திருக்கிறேன். அது எந்த ஊர்ப் பெயர் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. இன்று அந்த அடுக்குக்கு முன்னால் நிற்கும்போதுதான் உறைத்தது. டைச்சுங் தைவான். மாயாங் எபோஸ் மலாயா. 1950களில் ஐநாவின் உணவு வேளாண் நிறுவனம் குட்டையான ஜப்பான் வகை நெல்லையும் நம் பக்கத்து நெட்டை நெல்லையும் இணைக்க ஒடிசாவின் கட்டக்கில் ஒரு பெரிய வேலை தொடங்கியது. அங்கே நடந்த கலப்பின் விதை மலாயாவுக்குப் போய், பொறுக்கி எடுக்கப்பட்டு, 1965-ல் மஹ்சூரி என்ற பெயரில் வெளிவந்தது. மஹ்சூரி மலேசியாவின் லங்காவித் தீவுக் கதையில் வருகிற பெண்ணின் பெயர். அந்த மஹ்சூரி இந்தியாவுக்குள் வந்து ஆந்திரத்தில் சோனா மசூரிக்கும் சம்பா மசூரிக்கும் தாய் வீடானது. பொன்னி அதே கலப்பில் வந்த உடன்பிறப்பு. காவிரிக்குப் பொன்னி என்று பெயர் இருப்பதால், ராஜராஜன் காலத்திலிருந்து தஞ்சாவூரில் விளைந்த நெல் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் என் கடைக்கு வருபவர்களிலேயே பாதிப் பேர்.

ஆக அம்மா கட்டித் தர நின்ற அந்தச் சிப்பம், தாய் வழிப் பாட்டி ஊருக்குப் பேரன் கிளம்பிய மாதிரி.

கடைக்காரர் மாயவரத்துக்காரர். 2023-ல் இந்தியா பாசுமதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியை நிறுத்தியபோது என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். "அந்த ஒரு வாரம் கேக்காதீங்கம்மா. வீட்டுக்கு ஒரு மூட்டை வாங்கறவங்க நாலு மூட்டை கேட்டாங்க. எங்க வைப்பாங்க, கட்டில் அடியிலயா?" அப்புறம் சிங்கப்பூருக்கு மட்டும் 50,000 டன் அனுப்ப இந்தியா தனியாக அனுமதி கொடுத்தது. அரிசி இறக்குமதி செய்கிறவர்கள் இரண்டு மாத இறக்குமதி அளவுக்கு எப்போதும் இருப்பு வைத்திருக்க வேண்டும் என்று இங்கே சட்டமே இருக்கிறதாம். விளைவிக்காத ஊருக்குத்தான் குதிரின் அருமை தெரியும் போல.

கிழங்குக் கடையில் ஒன்று பிடிக்கவில்லை. சர்க்கரைவள்ளிக்கு ஜப்பான், வியட்நாம், இந்தோனேசியா என்று அட்டை. உருளைக்கு ஹாலந்து, சீனா, பங்களாதேஷ். எந்த ரகம் என்று கேட்டால் ஊரைச் சொல்கிறார்கள். பெருவும் பக்கத்து நாடுகளும் இருக்கிற ஆண்டிஸ் மலைகளில் உருளையில் மட்டும் 4,000 ரகத்துக்கு மேல் இருக்கிறது. லிமாவில் உருளைக்கென்றே தனி ஆராய்ச்சி மையம் இருக்கிறது. இங்கே வந்து சேர்ந்தால் அதற்கு ஒரு பாஸ்போர்ட் மட்டும்தான், பெயர் இல்லை. ஒரே ரகத்தை நம்பி உட்கார்ந்த அயர்லாந்து 1845-ல் என்ன ஆனது என்று தெரியும்தானே. பெரும்பாலும் லம்பர் என்கிற ஒரே உருளையை நட்டிருந்தார்கள், பூஞ்சாணம் மாதிரியான ஒரு கிருமியால் நோய் வந்தது, பத்து லட்சம் பேர் செத்தார்கள்.

கால் வலி. மீதி நாளைக்கு.

நாள் 3

கேலாங் சிராய் சந்தை. தம்பி மகள் கூட வந்தாள், உயர்நிலை ஒன்று படிக்கிறாள், பள்ளி விடுமுறை. "அத்தை, வாழைப்பழம் பாக்கவா இவ்ளோ தூரம்?" என்று எம்ஆர்டி ரயிலிலேயே ஆரம்பித்துவிட்டாள்.

தார் தாராகத் தொங்குகிறது. இங்கே, அப்பாடா, பெயர் இருக்கிறது. விற்கிற அம்மாவை மாக்சிக் என்று கூப்பிட வேண்டும், மலாயில் பெரியம்மா, சித்தி மாதிரி. பீசாங் மாஸ், பீசாங் ராஜா, பீசாங் தாண்டோக், பீசாங் பெராங்கான் என்று விரல் நீட்டி நீட்டிச் சொல்லிக்கொண்டே வந்தவர், ஒரு மஞ்சள் சீப்பைத் தொட்டு "பீசாங் ரஸ்தாளி" என்றார். எனக்குக் காது சரியாகக் கேட்கவில்லையோ என்று மறுபடி சொல்லச் சொன்னேன். ரஸ்தாளியேதான். உரித்துச் சாப்பிட்டுப் பார்த்தேன், அதே புளிப்புக் கலந்த இனிப்பு, அதே மாவுத் தன்மை, நடுவில் அதே கெட்டி. மலாய்க்காரர்களும் அந்தப் பெயரைத்தான் சொல்கிறார்கள். பெயர் அங்கிருந்து இங்கே வந்ததா, இங்கிருந்து அங்கே போனதா, கப்பலில் கூடவே பழுத்ததா, அதை மொழி படித்தவர்கள் பார்த்துக்கொள்ளட்டும்.

நம் கற்பூரவள்ளிதான் இவர்களுடைய பீசாங் அவாக். செவ்வாழைதான் பீசாங் ராஜா ஊடாங். ஊடாங் என்றால் இறால், வெந்த இறாலின் நிறமாம், நல்ல கண்ணு. பூவனுக்குத் தமிழர்களைக் குறிக்கிற ஒரு பழைய பெயரே மலேசியப் பக்கம் வழக்கில் உண்டு, அது இப்போது வசையாகிவிட்டதால் இங்கே எழுதவில்லை. தாண்டோக் என்றால் கொம்பு. நேந்திரனின் பங்காளி, ஒரு காய் என் முழங்கை நீளம். அதைத்தான் மாவில் தோய்த்துப் பொரித்துக் கடைக்குக் கடை விற்கிறார்கள். மருமகள் மூன்று தின்றாள், அதற்கப்புறம் "இவ்ளோ தூரம்" பேச்சு நின்றது.

வாழை பிறந்ததே இந்தப் பக்கம்தான். பாப்புவா நியூகினியில் குக் என்ற சதுப்பு நிலத்தில் கிட்டத்தட்ட 7,000 வருஷத்துக்கு முன்பே வாழை வைத்த தடயம் கிடைத்திருக்கிறது. உகாண்டாவில் வாழைக்காயை அவித்து மசித்ததுதான் சோறு. மடோக்கே என்கிறார்கள், அந்தச் சொல்லே சாப்பாட்டுக்கும் பொதுச்சொல். இவ்வளவு இருந்தும் கப்பலேறி நாடு நாடாகப் போகிற வாழை கிட்டத்தட்ட முழுக்க கேவண்டிஷ் என்கிற ஒரே ரகம். அதற்கு முன்னால் குரோ மிஷேல் என்று ஒன்று இருந்தது, பனாமா வாடல் நோய் அதை வியாபாரத்திலிருந்தே துடைத்துவிட்டது. இப்போது அதே நோயின் புது வடிவம் கேவண்டிஷையும் பிடித்து 2019-ல் கொலம்பியா வரை போய்விட்டது. வாழைக்கு விதை இல்லை, கன்றுதானே. ஒரு தோட்டத்தில் இருப்பதெல்லாம் ஒரே தாயின் நகல். ஒன்றுக்கு வந்தால் எல்லாவற்றுக்கும் வரும்.

கிளம்பும்போது மாக்சிக்கிடம் மருமகளை விட்டு ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னேன், மாயாங் என்றால் என்ன? அவர் இரண்டு கையையும் குவித்து, மெல்ல விரித்துக் காட்டினார். பாளை! தென்னம்பாளை, பாக்குப்பாளை. இருபது வருஷம் ஒப்பித்த ஒரு சொல்லுக்கு இன்றைக்குத்தான் பொருள் தெரிந்தது. அதோடு சேர்த்து அவர் இன்னொன்றும் சொன்னார், வயலில் இருந்தால் பாடி, உமி நீக்கினால் பெராஸ், வெந்தால் நாசி. நெல், அரிசி, சோறு. மூன்றும் ஆங்கிலத்தில் ரைஸ்தான், பாவம் மருமகள், மொழிபெயர்க்க முடியாமல் முழித்தாள்.

தாண்டோக் கன்று ஒன்று கிடைத்தால் ஊருக்குக் கொண்டு போகலாமா என்று ஒரு நிமிஷம் புத்தி போனது. போனதோடு சரி.

நாள் 4

விடியற்காலையிலிருந்து மழை. வெளியே போகவில்லை. ஆனால் இந்த வாரத்தின் நல்ல நாள் இதுதான்.

இதே மாடியில் கடைசி வீட்டில் ஒரு பாட்டி. 90 தாண்டிவிட்டது. இங்கேயே பிறந்தவர், அவருடைய அப்பா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து துறைமுக வேலைக்கு வந்தவர். நடைபாதையில் பார்த்ததும் "பசியாறியாச்சா?" என்று கேட்டார். நான் தேக்காவில் வாங்கிய மரவள்ளிக்கிழங்கு இரண்டு கிலோ இருந்தது, அவித்துத் தருகிறேன் வாங்க என்றேன். கிழங்குக்காரர் வீட்டுப் பெண் என்ற திமிர் கொஞ்சம் இருந்தது என்று ஒப்புக்கொள்கிறேன்.

தோல் சீவ ஆரம்பித்ததும் பாட்டி கத்தியைப் பிடுங்கிக்கொண்டார். "இப்படியா சீவுவாங்க? இதென்ன உருளையா?" கிழங்கின் நீளத்துக்கு ஒரு கீறல் போட்டார். கத்தி நுனியை உள்ளே விட்டு ஒரு நெம்பு நெம்பினார். வெளியே இருக்கிற பழுப்புத் தோலும் உள்ளே இருக்கிற தடித்த இளஞ்சிவப்புத் தோலும் சேர்ந்து சட்டை கழற்றுகிற மாதிரி சுருண்டு வந்தன. நடுவில் ஓடுகிற நரம்பைப் பிளந்து உருவினார். துண்டுகளைத் தண்ணீரில் போட்டு வைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர். அடுப்பில் ஏற்றியதும் நான் பழக்கத்தில் மூடி போட்டேன். கையைத் தட்டிவிட்டார். "மூடாத. அதோட கெட்டது மேல போகட்டும்."

அது சரிதான். மரவள்ளியில் சயனைடாக மாறுகிற ஒரு பொருள் இருக்கிறது, தோலில் அதிகம், கசப்பு ரகத்தில் இன்னும் அதிகம். ஊறவைத்தால், துருவினால், திறந்து வேகவைத்தால் பெரும்பகுதி போய்விடும். நான் புத்தகத்தில் படித்துச் சொல்வேன். பாட்டி ஏழு வயதில் கற்றுக்கொண்டது.

1942 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஜப்பான்காரர்களிடம் விழுந்தது, 1945 செப்டம்பர் வரை மூன்றரை வருஷம். அரிசி கூப்பனுக்கு, அதுவும் வரவர அளவு குறைந்தது. கிடைத்த இடத்திலெல்லாம் மரவள்ளியும் சர்க்கரைவள்ளியும் நட்டார்கள். குச்சியை ஒடித்து ஊன்றினால் வருகிற செடி, மண்ணும் பெரிதாகக் கேட்காது. "காலைல கிழங்கு, மதியம் கிழங்கு, ராத்திரிக்கு அதோட மாவுல ரொட்டி. அந்த ரொட்டிய சுவத்துல எறிஞ்சா சுவரு உடையும்." பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை சரியாக வேகாததைத் தின்று போய்விட்டது என்றார், அதற்கு மேல் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அப்புறம் ஜப்பான்காரன் அடித்த நோட்டைப் பற்றிச் சொன்னார். பத்து வெள்ளி நோட்டில் வாழைமரம் போட்டிருக்கும், வாழைமர நோட்டு என்றே பெயர். சண்டை முடிந்ததும் அந்த மூட்டையை அவருடைய அம்மா அடுப்பெரித்தாராம்.

இவ்வளவு பட்டவர் கிழங்கைத் தொட மாட்டார் என்று நினைத்தேன். தேங்காய்ப்பூவும் சீனியும் தூவி இரண்டு தட்டு சாப்பிட்டார். "கிழங்கு என்னம்மா பாவம் பண்ணுச்சு?" என்றார்.

அவர் கிழங்கு தின்ற அதே வருஷங்களில்தான் எங்கள் ஊர்க் கதையும் தொடங்குகிறது. போரால் மலாயாவிலிருந்து மாவும் ஜவ்வரிசியும் வருவது நின்றுபோனது. அதற்குப் பதிலாகத்தான் 1940களில் சேலத்தில் மரவள்ளி மாவை உருட்டி ஜவ்வரிசி செய்ய ஆரம்பித்தார்கள். இந்தப் பக்கம் பசி, அந்தப் பக்கம் ஒரு தொழில். நான் படித்ததே அந்த மில் லாரிகளில் ஏறிய கிழங்குக் காசில்.

எங்கள் பக்கம் முள்ளுவாடி, குங்குமரோஸ், வெள்ளைத் தாய்லாந்து, எச் 226, அப்புறம் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலைய ரகங்கள். மில்லில் ரகம் கேட்க மாட்டார்கள். மாவுச்சத்து எத்தனை பாயிண்ட் என்று பார்ப்பார்கள், பாயிண்டுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் பாயிண்ட் வராத ரகம் காட்டை விட்டுப் போய்விடுகிறது. அம்மாவுக்குப் பிடித்த ஒரு பழைய கிழங்கு, அவித்தால் பூ மாதிரி வெடிக்கும், அது எங்கள் காட்டை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகிறது. அப்பாவைக் குறை சொல்ல முடியாது, லாரி வாடகை அவர்தான் கொடுக்கிறார்.

2020-க்கு அப்புறம் மாவுப்பூச்சி வந்து காட்டையே வெள்ளை அடித்தது. தென் அமெரிக்கப் பூச்சி. 1970களில் ஆப்பிரிக்காவில் புகுந்து பெரிய நாசம் செய்தது. அங்கே அதை அடக்கியது மருந்து இல்லை, அனகைரஸ் லோபெசி என்கிற, கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத ஒரு குளவி. அந்த வேலைக்காக ஹான்ஸ் ஹெரன் என்கிற பூச்சியியல் அறிஞருக்கு 1995-ல் உலக உணவுப் பரிசு கிடைத்தது. அதே குளவியை பெனின் நாட்டிலிருந்து வரவழைத்து 2022-ல் ஏத்தாப்பூரில் விட்டார்கள். செடி பிரேசில்காரி, பூச்சி அவள் பின்னாலேயே வந்தது, பூச்சிக்கு எமனும் அதே கண்டத்துக்காரன். கன்றும் குச்சியும் பையில் போட்டுக்கொண்டு நாடு விட்டு நாடு போகக் கூடாது என்பது இதனால்தான். நேற்றைய தாண்டோக் ஆசைக்கு மன்னிப்பு.

நாள் 5

சைனாடவுன். சாகோ தெரு என்று பலகையே இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே சாகோ ஆலைகள் இருந்ததால் வந்த பெயர். சரவாக், சுமத்ரா பக்கமிருந்து சாகோ பனையின் மாவு படகில் வரும், இங்கே அலசி, முத்தாக்கி, ஐரோப்பாவுக்கும் இந்தியாவுக்கும் அனுப்புவார்கள். ஜாவா அரிசிதான் ஜவ்வரிசி ஆனது என்பார்கள். சவ்வு மாதிரி வேகிறதால் சவ்வரிசி என்பவர்களும் உண்டு. எப்படியோ, நம் பாயசத்தின் பிறந்த வீட்டு வாசல். இப்போது நினைவுப் பொருள் கடைகளும் முட்டை டார்ட்டும். ஒரு உலர்பொருள் கடையில் சின்ன வெள்ளை முத்து ஒரு பாக்கெட் வாங்கினேன், அசல் சாகோவை அப்பாவிடம் காட்ட வேண்டும். கண்ணாடி எடுத்து வரவில்லை.

பக்கத்தில் சேப்பங்கிழங்கை அரைத்துக் கிண்டிய இனிப்பு, ஓர் நீ. சீனர்களில் தியோச்சியூ பிரிவினருடையது. நன்றாகத்தான் இருந்தது, ஆனால் சேம்புக்கு உப்பும் புளியும்தான் என்று என் நாக்கு ஏற்கெனவே முடிவு செய்துவிட்டது.

மதியம் மருமகள் பிடிவாதம், டாக்கோ. மக்காச்சோள அப்பம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மெக்சிகோக்காரர்கள் சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்துத்தான் அரைப்பார்கள். அப்போதுதான் அதிலிருக்கிற ஒரு வைட்டமின் உடம்பில் சேரும். சோளத்தை மட்டும் வாங்கிக்கொண்டு போய்ச் சுண்ணாம்பை விட்டுவிட்ட ஐரோப்பியர்கள் தோல் உரிந்து, புத்தி தடுமாறி, பெலாக்ரா என்கிற நோயில் கிடந்தார்கள். விதையோடு சமையற்காரியையும் கூட்டிப் போயிருக்க வேண்டும். நேற்று பாட்டி கையைத் தட்டிவிட்டது நினைவு வந்தது.

நாள் 6

பூமலை. தாவரவியல் தோட்டத்துக்கு இங்கே தமிழில் இதுதான் பெயர், எவ்வளவு அழகு. 1859-ல் தொடங்கியது. பிரேசில் ரப்பரை மலாயா முழுக்கப் பரப்பிய ரிட்லி இங்கேதான் இயக்குநராக இருந்தார். அந்த ரப்பருக்குப் பால் வெட்டப் போனவர்களில் எங்கள் பக்கத்து ஆட்களும் எத்தனையோ பேர்.

சாகோ பனை பார்த்தேன். தென்னை மாதிரி ஒல்லி இல்லை, தூண். ஆயுளில் ஒரே தடவை பூக்கும், பூப்பதற்குக் கொஞ்சம் முன்னால் வெட்டினால்தான் தண்டு நிறைய மாவு. நியூகினியிலும் மலுக்குத் தீவுகளிலும் அதுதான் சோறு. மருமகள் அதைத் தட்டிப் பார்த்து, "உள்ள பாயசமா அத்தை?" என்றாள்.

உலகத்தில் உணவுக்காக வளர்க்கிற பயிர் வகை 6,000. மொத்த விளைச்சலில் 66 விழுக்காட்டை ஒன்பதே பயிர் கொடுக்கிறது, ஐநாவின் உணவு வேளாண் நிறுவனத்தின் 2019 அறிக்கைக் கணக்கு. அந்த ஒன்பதில் மரவள்ளியும் ஒன்று. அப்பாவிடம் சொன்னால் விலை ஏறுமா என்பார்.

நாள் 7

விமான நிலையத்தில் இரண்டு மணி நேரம் சும்மா. பாட்டி கொடுத்தனுப்பிய பலகாரத்தைச் சாப்பிட்டு முடித்தாகிவிட்டது, பெயர் பிங்கா உபி, மரவள்ளியைத் துருவித் தேங்காய்ப்பாலில் சுட்டது. கண்ணாடி கையில் இருந்ததால் சாகோ பாக்கெட்டை எடுத்துப் பின்பக்கம் படித்தேன். சேர்மானம் ஒரே வரி: மரவள்ளி மாவு. தயாரிப்பு தாய்லாந்து.

சாகோ தெருவிலேயே வாங்கியது.

அப்பாவுக்குப் போன் போட்டுச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. அப்புறம் கேட்டார், "அவங்க ஊர்ல பாயிண்டுக்கு எவ்ளோ குடுக்கறாங்களாம்?"